ஹோப்பி வெள்ளி அணிகளும் கைவினைஞர் முத்திரையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் கம்பரையும் வள்ளுவரையும் பற்றிப் பேசும் தகுதியுடைய அறிஞர் பலர் உளர். யாம் அவ்வரிசையில் சேர்ந்தவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாக இரயில்வேப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து வருகிறோம். மூட்டையின்மேல் உள்ள குறியைப் பார்த்து, அது புறப்பட்ட ஊரையும் சேரவேண்டிய இடத்தையும் அறிவதே எம் தொழில். குறி அழிந்த மூட்டை உரியவரைச் சேராமல் கிடங்கின் மூலையில் கிடப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். ஆகையால், குறிகளைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் எமக்குச் சிறிது உரிமை உண்டு என்று எண்ணுகிறோம்.

யாம் என்று கூறுவது பெருமைக்காக அன்று. இதில் எம் மகளுக்குப் பாதிப் பங்கு உண்டு. ஆங்கில நூலை அவள் படித்துப் பொருள் சொன்னாள். யாம் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இருவர் உழைப்பையும் ஒருவர் வாய் சொல்லுகிறது.

கதை நம் காலனியிலேயே தொடங்குகிறது. நம் எல்லோருக்கும் பெரியம்மாவாக விளங்கும் ஓர் அம்மையார், காலஞ்சென்ற மெயில் டிரைவரின் மனைவியார், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் எம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளி வளை இருந்தது. அவருடைய தமையனார் 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பொறியியல் பயின்றவர். ஊர் திரும்பிய காலத்தில் தங்கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது அவ்வளை. தமையனார் இப்போது இல்லை. பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மையார் அதனைச் சராஃபாக் கடைத்தெருவுக்கு எடுத்துச் சென்றிருந்தார். கடைக்காரர் அதனைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "பள்ளத்தில் எல்லாம் கறுப்பு ஏறியிருக்கிறது, மட்டமான வெள்ளி, உருக்கினால்தான் மதிப்புத் தெரியும்" என்றாராம். கறுப்பைப் போக்கிக் காட்டுகிறேன் என்று புன்னங்கொட்டை நீரில் இடப் போனாராம். அம்மையார் மனம் ஒப்பாமல் வளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேரே எம்மிடம் வந்துவிட்டார்.

"உள்பக்கத்தில் ஏதோ இரண்டு குறி இருக்கிறது, தம்பி. குறி பார்ப்பதுதானே உங்கள் உத்தியோகம்? இது என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தோம். ஒன்று கதிர் விரிந்த சூரியன். மற்றொன்று குவிந்த மேகமும் அதன்கீழ்ச் சில கோடுகளும். அன்றைக்கு எமக்கு விளங்கியது அவ்வளவே. அவ்விரண்டு குறிகளும் யாருடையவை என்று அறிய எமக்கு ஏழு திங்கள் பிடித்தன. அந்த ஏழு திங்களில் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

அரிசோனாவின் வடகிழக்கே, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், மேசையைப்போலத் தட்டையான தலைகளை உடைய மூன்று பாறை மேடுகள் இருக்கின்றன. அவற்றை அங்கு மேசா என்பர். அம்மேடுகளின்மேலும் அடிவாரங்களிலும் வாழும் பழங்குடி மக்கள் ஹோப்பியர். அவர்களுடைய ஒராய்பி என்னும் ஊர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்கள் இடைவிடாது வாழ்ந்துவரும் மிகப் பழைய ஊர்களுள் ஒன்று. ஏறத்தாழ 900 ஆண்டுப் பழமை உடையது. அங்கே மழை ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 25 சென்டிமீட்டரே. வற்றாத ஆறு இல்லை. மணலில் ஆழமாகக் குழி தோண்டிச் சோளம் விதைத்து, வானத்தைப் பார்த்து வாழும் உழவர் அவர்கள். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்த வள்ளுவர் வழி வந்த நமக்கு, அம்மக்களின் அணிகளில் மேகமும் மழைக்கோடும் சோளக்கதிரும் மிகுதியாக இருப்பதன் காரணத்தை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஹோப்பியரிடையே குலம் தாய்வழியில் வருவது. கரடி, சூரியன், சோளம், நீர், பனி, நாணல், கழுகு எனக் குலங்கள் பல. பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது; தந்தையின் குலத்தைச் சேர்ந்தது அன்று. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையைப் படிக்கும்போது இது பயன்படும்.

வெள்ளி வேலை அவர்களுக்குப் பரம்பரைத் தொழில் அன்று. மண்கலம் வனைதல், கூடை முடைதல், நெசவு ஆகியவையே அவர்களுடைய பழந்தொழில்கள். வெள்ளி வேலையை மெக்சிக்கோ நாட்டுக் கொல்லரிடமிருந்து அண்டை மக்களாகிய நவஹோக்கள் கற்றனர். நவஹோக்களிடமிருந்து 1872ஆம் ஆண்டளவில் ஜூனி என்னும் மக்கள் கற்றனர். லான்யாதே என்னும் ஜூனி வினைஞர் ஒருவர் 1898ஆம் ஆண்டளவில் முதல் மேசாவுக்கு வந்தபோது, சிக்யதலா என்னும் ஹோப்பியருக்கு இக்கலையைக் கற்றுக் கொடுத்தார். ஹோப்பி வெள்ளியின் வரலாறு அங்கே தொடங்குகிறது. அமெரிக்க நாணயங்களையும் மெக்சிக்கோ நாணயங்களையும் உருக்கியே அக்காலத்தில் அணி செய்தனர்.

அக்காலத்து அணிகளில் பெரும்பாலும் முத்திரையே இல்லை. ஏன்? செய்பவரும் வாங்குபவரும் ஒரே ஊரினர். இவ்வளையைச் செய்தவர் இன்னாருடைய மருகர், அவருடைய வீடு கிணற்றுக்கு அப்பால் என்று ஊரார் அனைவரும் அறிவர். அறிந்த இடத்தில் பெயர் எழுத வேண்டிய தேவை இல்லை. நம் ஊர்களிலும் நிலை அதுவே அன்றோ? சொந்தக் கிராமத்தில் எவர் வீட்டு வாயிலில் பெயர்ப்பலகை இருந்தது? இங்கே வந்த பின்னரே நம் கதவுகளில் பெயரும் குவார்ட்டர்ஸ் எண்ணும் எழுதிக்கொண்டோம்.

ஹோப்பியரின் நாட்டுக்கு அந்தத் தொலைவைக் கொண்டுவந்தது எது தெரியுமா? நம் இரயில்தான்! சாந்தா ஃபே இரயில் பாதை 1880ஆம் ஆண்டுகளில் வட அரிசோனாவின் ஊடாகப் போடப்பட்டது. 1901ஆம் ஆண்டில் கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பு வரையில் கிளைப்பாதை சென்றது. அங்கே, இரயில் நிறுவனத்தோடு சேர்ந்து உணவு விடுதிகள் நடத்திய ஃபிரெட் ஹார்வி நிறுவனத்தார், 1905ஆம் ஆண்டில் ஹோப்பி இல்லம் என்னும் ஒரு கட்டிடத்தைத் திறந்தனர். மேரி கோல்டர் என்னும் பெண்மணி ஒராய்பி வீடுகளைப் பின்பற்றி அதனை வரைந்தார். ஹோப்பிக் கைவினைஞர் அங்கே தங்கி வேலை செய்தனர். பயணிகள் வாங்கிச் சென்றனர். வாங்கியவருக்குச் செய்தவர் யாரென்று தெரியாது. வளை பெட்டியில் ஏறி ஆயிரம் மைல் சென்றுவிடும். தெரியாதவருக்கு விற்கும் சந்தையில் போலியும் புகுந்துவிடும். அவ்வாறே புகுந்தது. ஆலை இயந்திரங்களில் அச்சடித்த மெல்லிய தகடுகள் பழங்குடியினர் கைவேலை என்ற பெயரால் மலிவாக விற்கப்பட்டன. உண்மை வினைஞரின் கூலி தாழ்ந்தது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் பழங்குடியினர் கலை, கைவினை வாரியம் ஒன்றை அமைத்ததும், உண்மைப் பொருளுக்கு முத்திரை இடும் முயற்சிகள் எழுந்ததும் இதனாலேயே.

ஹோப்பியருக்கு மற்றொரு குறையும் இருந்தது. அவர்களுடைய வெள்ளி வேலை நவஹோ வேலையையும் ஜூனி வேலையையும் ஒத்திருந்தமையால், பார்த்த அளவில் பிரித்தறிய முடியவில்லை. ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் 1928ஆம் ஆண்டில் வட அரிசோனா அருங்காட்சியகத்தை நிறுவியவர்கள் கோல்ட்டன் தம்பதியர். அவர்களுள் மேரி-ரஸல் கோல்ட்டன் அம்மையார், 1930ஆம் ஆண்டிலிருந்து ஹோப்பிக் கைவினைஞருக்கென்றே ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தி வந்தார். 1930களின் இறுதியில் அவர் வெள்ளி வினைஞருக்கு ஒரு யோசனை கூறினார். உங்கள் மண்கலத்திலும் கூடையிலும் துணியிலும் உள்ள கோலங்களை வெள்ளியில் கொண்டுவாருங்கள். அப்போது உங்கள் வேலை உங்களுடையதாகத் தோன்றும் என்பதே அந்த யோசனை. அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வெர்ஜில் ஹூபர்ட் என்னும் ஓவியர் மாதிரிகளும் வரைந்து கொடுத்தார்.

இடையில் உலகப்போர் வந்தது. போர் முடிந்து இளைஞர்கள் ஊர் திரும்பினர். முன்னாள் படைவீரர்களுக்கான அரசாங்க உதவியோடு 1947ஆம் ஆண்டில் ஒராய்பியில் வெள்ளி வேலை வகுப்புத் தொடங்கிற்று. தொழிலைக் கற்பித்தவர் பால் சாஃப்கி. வரைவைக் கற்பித்தவர் புகழ்பெற்ற ஓவியர் ஃபிரெட் கபோட்டி. வகுப்பில் தேறியவர்கள் 1949ஆம் ஆண்டில் ஹோப்பி வெள்ளி வினைஞர் கூட்டுறவுக் கழகத்தை நிறுவினர். கழகத்தின் முத்திரை சூரியன். பெரியம்மாவின் வளையில் யாம் கண்ட முதற்குறி அதுவே!

இனி அவ்வேலை செய்யப்படும் முறையைச் சொல்லுவோம். இரண்டு வெள்ளித் தகடுகளை எடுத்துக்கொள்வர். மேல் தகட்டில் கோலத்தை வரைந்து, மயிர் போன்ற மெல்லிய இழைவாளால் அறுத்து எடுப்பர். அதனை அடித்தகட்டின்மேல் வைத்துப் பற்றாசு இட்டுப் பற்றவைப்பர். இப்போது கோலம் பள்ளமாகத் தெரியும். பள்ளத்தின் தரையில் சிற்றுளியால் நெருக்கமாகக் கீறல்கள் இடுவது பிற்காலத்தில் வந்த வழக்கம். பிறகு கந்தகம் கலந்த நீர்மத்தால் முழுவதையும் கறுக்கச் செய்து, மேற்பரப்பை மட்டும் தேய்த்து எடுத்தால், வெண்மையான வெள்ளியின் நடுவே கோலம் கருமையாக நிற்கும். இதனை மேலொட்டு வேலை என்று சொல்லலாம்.

ஆகவே தாய்மார்களே, சராஃபாக் கடைக்காரர் அழுக்கு என்று கருதிய கறுப்பு, அந்த வினைஞர் தாமே வேண்டி ஊட்டிய கறுப்பு. புன்னங்கொட்டை நீரும் பற்பொடியும் போட்டு அதனைக் கழுவியிருந்தால் கோலம் மங்கி, வேலையின் உயிரே போயிருக்கும். கடைக்காரர் மேலும் குற்றம் இல்லை. தம் கையில் அதுவரையில் வாராத பொருளை அவர் தமக்குத் தெரிந்த அளவுகோலால் அளந்தார்.

இப்போது முத்திரைக்கு வருவோம். ஹோப்பி வெள்ளியின் பின்புறத்திலோ உட்புறத்திலோ நான்கு வகைக் குறிகள் காணக்கிடைக்கும்.

முதலாவது, உலோகத்தின் தரத்தைச் சொல்லும் குறி. ஸ்டெர்லிங் என்ற சொல்லோ 925 என்ற எண்ணோ இருந்தால், ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்பது பொருள். இது பொருளைப் பற்றிப் பேசுகிறது; ஆளைப் பற்றிப் பேசவில்லை. உலகில் எங்குச் செய்த வெள்ளியிலும் இக்குறி இருக்கலாம்.

இரண்டாவது, கழகத்தின் அல்லது பட்டறையின் குறி. மேலே சொன்ன சூரியன் இவ்வகை. 1961ஆம் ஆண்டில் வேய்ன், எமரி செகாகுவாப்டேவா என்னும் சகோதரர்கள் தொடங்கிய ஹோப்பிகிராஃப்ட்ஸ் போன்ற பட்டறைகளும் இருந்தன. இக்குறி பொருள் எந்த நிறுவனத்தின் வழியாக வந்தது என்பதைக் காட்டும். காலத்துக்கும் ஓர் எல்லை இடும். கழகம் தோன்றியது 1949ஆம் ஆண்டில் என்று அறிந்தால், அதன் சூரியனைத் தாங்கிய வளை அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாதன்றோ?

மூன்றாவது, வினைஞரின் தனிக்குறி. இதுவே அனைத்தினும் சுவையானது. பலர் எழுத்தை எழுதாமல் ஓவியத்தைப் பதித்தனர். குலத்தின் சின்னமோ, தம் ஹோப்பிப் பெயரின் பொருளோ அவ்வோவியத்தில் இருக்கும். ஆசிரியர் பால் சாஃப்கி பதித்தது பனிமேகம். அவருடைய மகன் லாரன்ஸ் சாஃப்கி பதித்தது கரடி. தந்தை ஒன்று, மகன் ஒன்று! குலம் தாய்வழிப்பட்டது என்று முன்னே சொன்னோம். ஆகையால் தந்தையின் குறியும் மகனின் குறியும் ஒத்திருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினால் ஏமாறுவோம். சிலர் தம் பெயரின் முதல் எழுத்துகளைப் பதித்தனர்.

நான்காவது, கையொப்பம். ஹொட்டெவில்லா என்னும் ஊரில் 1921ஆம் ஆண்டில் பிறந்து 1991ஆம் ஆண்டில் மறைந்த சார்லஸ் லொலோமா உலகப் புகழ் பெற்றவர். பொன்னையும் நீலப்பச்சைக் கல்லையும் தந்தத்தையும் சேர்த்துப் புதுவழி வகுத்தவர். அவர் தம் பெயரையே அணியில் எழுதினார். லொலோமா என்றால் அழகு என்று பொருள். அவரிடம் தொழில் கற்ற மருமகள் முறையினரான வெர்மா நெகுவாதேவா தம் அணிகளில் சொன்வாய் என்று பொறிக்கிறார். அழகைக் குறிக்கும் பெண்பாற் சொல் அது. ஆசிரியரின் பெயரைக் கடன் வாங்காமல், அதன் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு தமக்கெனப் பெயர் அமைத்துக்கொண்ட நயத்தை எண்ணிப் பாருங்கள்.

இம்முத்திரைகளை எல்லாம் வரைபடங்களோடு தொகுத்து, மார்கரெட் ரைட் என்னும் அம்மையார் ஹோப்பி சில்வர் என்ற நூலை 1972ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர்ப் புதுக்குறிகள் சேர்த்துப் பல பதிப்புகள் வந்தன. தமையனாருடைய மகள் அமெரிக்காவிலிருந்து அந்நூலை எமக்கு அஞ்சலில் அனுப்பி வைத்தார்.

நூல் கையில் வந்தவுடன் வேலை முடிந்துவிடும் என்று எண்ணினோம். அங்கேதான் இடர்ப்பட்டோம். மழையை நம்பி வாழும் மக்கள் அன்றோ? மேகத்தை முத்திரையாகக் கொண்டவர் ஒருவர் இருவர் அல்லர்! குவியல்கள் எத்தனை, கீழே கோடுகள் எத்தனை, கோடுகள் நேரா சாய்வா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதாயிற்று. பார்சல் அலுவலகத்தில் இரு வணிகர்கள் ஒரே குறியை மூட்டையில் இட்டால் யாம் படும் பாடு நினைவுக்கு வந்தது.

தவறிப் பட்டறிந்து யாம் கற்ற முறை இதுதான். முதலில் முத்திரையைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு தகடுகளும் சேர்ந்த இடம் மயிரிழைபோலத் தோன்றும். வார்ப்பில் ஊற்றிய போலியில் அந்த இணைப்பு இராது. கோலத்தின் மூலைகளும் மழுங்கியிருக்கும். வாளால் அறுத்த மூலை கூர்மையானது. அடுத்துத் தேய்மானத்தைப் பாருங்கள். ஐம்பது ஆண்டு அணிந்த வளையில் முத்திரையும் ஐம்பது ஆண்டு தேய்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் தேய்ந்து, முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோலப் பளிச்சென்று இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். இவ்விரண்டும் பொருந்திய பிறகே முத்திரையை நூலோடு ஒப்பிடுங்கள். கடைசியாகக் கடிதம், இரசீது, புகைப்படம் ஏதேனும் வீட்டில் உள்ளதா என்று தேடுங்கள். வேலை, தேய்மானம், முத்திரை, ஏடு ஆகிய நான்கு சாட்சிகளும் ஒரே சொல்லைச் சொன்னால்தான் முடிவு கட்டலாம். முத்திரை மட்டும் தனியே நின்றால் அது பாதிச் சாட்சி. ஏனெனில், முத்திரை அடிக்கும் அச்சு ஒரு சிறு இரும்புத் துண்டு. அதனைக் குடும்பத்தில் மற்றொருவர் பயன்படுத்தலாம். ஒருவரே தம் வாழ்நாளில் குறியை மாற்றிக்கொள்ளலாம். அயலார் திருட்டுத்தனமாகச் செய்துகொள்ளவும் கூடும்.

இக்களவைத் தடுக்க அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டில் கடுமையான சட்டம் இயற்றினர். பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாக விற்றால், முதற் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை தண்டமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் செய்த நகைகளைப் பழங்குடியினர் வேலை என்று விற்ற நியூ மெக்சிக்கோ மாநில வணிகர் ஒருவர், 2018ஆம் ஆண்டில் ஆறு திங்கள் சிறைத்தண்டனை பெற்றார். இதில் நமக்கு நகைப்புக்கு இடமான செய்தி ஒன்றும் உண்டு. கொலம்பசு செய்த தவற்றால் அம்மக்களுக்கும் இந்தியர் என்றே பெயர் ஆயிற்று. ஆகையால் நம் நாட்டில் செய்த வளையை அங்கே இந்தியர் கைவேலை என்று எழுதி விற்றால், சொல் மெய்யாயினும் பொருள் பொய்யாகிவிடும்! அவர்கள் பாணியில் செய்து இறக்குமதியாகும் நகைகளில், செய்த நாட்டின் பெயரை அழியாதவாறு பொறிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சுங்க விதி கூறுகிறது.

நம் வீட்டுத் தங்க நகைகளிலும் முத்திரை உண்டே என்று தாய்மார்கள் கேட்கலாம். உண்டு. ஹால்மார்க் என்னும் சொல்லே இலண்டன் பொற்கொல்லர் மண்டபத்தின் பெயரால் வந்தது. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டில் தரத்துக்குச் சிறுத்தைத் தலை முத்திரையும், 1363ஆம் ஆண்டில் செய்தவருக்குத் தனி முத்திரையும் சட்டமாயின. நம் நாட்டில் 2021ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயம் ஆக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், 22 காரட்டாயின் 916 என்பது போன்ற தர எண், ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி ஆகிய மூன்றையும் நகை வாங்கும்போது பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். இது நமக்கு நல்ல காப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்குறிகள் தங்கம் எவ்வளவு என்று சொல்லும். எந்தக் கை அதனை இழைத்தது என்று சொல்லமாட்டா. ஹோப்பியர் வளையில் உள்ள மேகம் சொல்லுவது அந்தக் கையின் பெயரை.

பெரியம்மாவின் வளைக்கு முடிவு என்ன ஆயிற்று? வேலை பொருந்தியது. தேய்மானம் பொருந்தியது. நூலில் உள்ள மேகங்களுள் ஒன்றோடு குவியலும் கோடும் எண்ணிக்கையில் ஒத்தன. நான்காம் சாட்சி மட்டும் கிட்டவில்லை. ஒருநாள் அம்மையார் தம் பழைய டிரங்குப் பெட்டியைத் துழாவி, தமையனார் எழுதிய விமான அஞ்சல் ஒன்றை எடுத்து வந்தார். இரண்டாம் மேசாவில் கழகத்தின் கடைக்குப் போனதையும், வளையைச் செய்தவரே அப்போது அங்கே இருந்ததையும், தம் பெயரை இரண்டு முறை நிறுத்திச் சொன்னதையும் அவர் தமிழில் எழுதியிருந்தார். எம் மகள் அப்பெயரை வாய்விட்டுப் படித்தாள். நூலில் மேகத்துக்கு எதிரே இருந்த பெயரும் அதுவே. வீட்டில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. ஒரு குடும்பத்தின் உடைமை ஆதலின் அப்பெயரை இங்குக் கூறோம்.

வளை விற்கப்படவில்லை. ஊழியர் கூட்டுறவுச் சங்கக் கடனால் பேரனின் கட்டணம் கட்டப்பட்டது. பேரன் அக்கடனைத் தான் அடைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

இவ்வளவும் செய்தீர்களே, உங்கள் வீட்டு வெள்ளியில் என்ன குறி இருக்கிறது என்று எம் மகள் அன்றிரவு எம்மைக் கேட்டாள். அதற்கு விடை சொல்லவே இம்மேடை ஏறினோம்.

எம் அன்னையாருக்குத் திருமணத்தின்போது போட்ட கொலுசு ஒன்று இருந்தது. எங்கள் ஊர் ஆசாரியார் செய்தது. கொக்கியின் அடியில் நெல்லளவில் ஒரு வேல் பதித்திருந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன், எம் மகளின் முதலாண்டு நிறைவுக்கு மணிவைத்த புதுக்கொலுசு வாங்க எண்ணி, அப்பழங்கொலுசை இந்நகரில் ஒரு கடையில் எடைக்குப் போட்டோம். எம் கண்முன்னே அது குழம்பாயிற்று. வீட்டுக்கு வந்தபோது அன்னையார் புதுக்கொலுசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த வேல் எங்கேடா?" என்று ஒன்றே கேட்டார். யாம் விடை கூறவில்லை. அவரும் மீண்டும் கேட்கவில்லை. இன்று அவர் இல்லை. அந்த ஆசாரியாரின் பெயரை ஊரில் விசாரித்தோம். சொல்லக்கூடியவர் ஒருவரும் மிஞ்சவில்லை. கடல்கடந்த ஓர் ஊரின் வினைஞர் பெயரை ஏழு திங்கள் உழைத்துக் கண்டுபிடித்தோம். எம் தாயின் காலில் இருந்த அணியைச் செய்தவரின் பெயரைக் கால் மணி நேரத்தில் உருக்கிவிட்டோம்.

ஆதலின் நம் காலனிக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய நகையை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. குடும்பத்தின் தேவை குடும்பத்தார்க்கே தெரியும். மாற்றுவதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கொக்கியையும் திருகையும் உட்புறத்தையும் பாருங்கள். குறி இருந்தால் படம் எடுத்து வையுங்கள். ஒரு குறிப்பேட்டில் நான்கு வரி எழுதுங்கள்: யார் செய்தது, எந்த ஊர், எந்த ஆண்டு, யாருக்காக. வீட்டில் வயது முதிர்ந்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அக்குறிப்பேடுகளின் படி ஒன்றைச் சங்க நூலகத்தில் வைக்கச் செயலாளர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். முதல் ஏட்டில் பெரியம்மாவின் வளை பதிவாகிவிட்டது. இரண்டாம் ஏட்டில் எம் அன்னையாரின் கொலுசைப் பதிந்திருக்கிறோம். ஆசாரியாரின் பெயருக்கு உரிய இடத்தை வெற்றிடமாக விட்டு, வேலின் வடிவத்தை நினைவிலிருந்து எம் கையால் வரைந்து வைத்தோம்.